மாநாட்டுக்குப் போகிறீர்களா? கையில் ஒரு சீட்டு இருக்கட்டும்

மாணவர்களுக்கான தொழில் வழிகாட்டல் பற்றிய மாநாடு ஒன்றுக்குப் போயிருந்ததால் பதில்கள் தாமதமாகின்றன என்று போன இதழில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. இந்த இதழ் முழுக்க அவற்றுக்கே ஒதுக்கிவிட்டேன். மற்ற கேள்விகள் அனுப்பியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

*

நான் இயற்பியல் ஆசிரியை. இந்த வருடம் தொழில் வழிகாட்டல் பொறுப்பையும் என்னிடம் கொடுத்துவிட்டார்கள். அடுத்த மாதம் இரண்டு நாள் மாநாடு ஒன்றுக்குப் போகச் சொல்கிறார் எங்கள் தலைமை ஆசிரியை. அங்கே எல்லாரும் உளவியல் படித்தவர்களாக இருப்பார்கள். நான் போய் என்ன செய்யப்போகிறேன், அம்மா?
(பெயர் வேண்டாம் என்று எழுதியவர்)

கட்டாயம் போங்கள். உளவியல் படித்தவர்கள் இருப்பார்கள்தான். ஆனால் நான் போன இடங்களில் எல்லாம் உங்களைப் போன்றவர்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன். கணக்கு, வரலாறு, உடற்கல்வி என்று ஏதோ ஒரு பாடம் எடுத்துக்கொண்டிருக்கும்போதே இந்தப் பொறுப்பும் தோளில் ஏறியவர்கள். நானும் அப்படி வந்தவள்தான்.

என் முதல் மாநாட்டில் ஒரு அமர்வு விடாமல் உட்கார்ந்தேன். ஒரு அரங்கம் முடிந்தால் அடுத்த அரங்கத்துக்கு ஓட்டம். ஸ்லைடில் வந்ததையெல்லாம் எழுதி ஒரு நோட்டையே நிரப்பினேன். திரும்பி வந்து பிரித்துப் பார்த்தால், எந்த வரி எந்தப் பிள்ளைக்கு உதவும் என்று எனக்கே புரியவில்லை. அந்த நோட்டு இன்னும் என் அலமாரியில் இருக்கிறது.

அடுத்த தடவை வேறு மாதிரி போனேன். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் வகுப்பு வகுப்பாகச் சின்னச் சீட்டுகள் கொடுத்தேன். “படிப்பு முடிந்தபிறகு என்ன என்று யோசிக்கும்போது உங்களை உறுத்துகிற கேள்வி ஒன்றை எழுதுங்கள். பெயர் வேண்டாம், வகுப்பு மட்டும் போதும்” என்றேன். வந்த சீட்டுகளில் பாதி, எந்தப் படிப்புக்கு எவ்வளவு மதிப்பெண் வேண்டும் என்று கேட்டன. ஒன்பதாம் வகுப்பிலிருந்து வந்த ஒரு சீட்டில் மட்டும் இப்படி இருந்தது: “எனக்கு எதுவுமே பிடிக்கல. பிடிச்ச மாதிரி நடிக்கணுமா?” பேனாவை அழுத்தி எழுதியதில் கேள்விக்குறி இருந்த இடத்தில் காகிதம் ஓட்டையாகியிருந்தது.

அந்தச் சீட்டை மட்டும் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன். மாநாட்டில் யாரிடம் பேசினாலும் அதை நீட்டி, “நீங்களாக இருந்தால் இந்தப் பிள்ளைக்கு என்ன சொல்வீர்கள்?” என்று கேட்டேன். மேடையில் பேசிய ஒருவர் ஆர்வத்தை அளக்கும் வினாத்தாள் ஒன்றைச் சொன்னார். இன்னொருவர், வளர்கிற வயது, தானே சரியாகும் என்றார். கடைசியில், மேடையில் பேசாமல் தாங்கள் செய்ததைப் பெரிய தாளில் ஒட்டி, பக்கத்தில் நின்று விளக்குவார்களே, அந்தப் போஸ்டர்கள் இருந்த நடைபாதையில், தன் போஸ்டர் பக்கத்தில் தனியாக நின்றுகொண்டிருந்த ஒரு அம்மாள் சீட்டை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். படித்துவிட்டு என்னையே கேட்டார்: “பள்ளிக்கூடம் விட்டதும் முதல் ஒரு மணி நேரம் இந்தப் பிள்ளை என்ன செய்யும்?”

எனக்குத் தெரியவில்லை. எழுத்தை வைத்து அது யார் என்பது தெரியும், மூன்று வருடம் அவன் நோட்டைத் திருத்தியிருக்கிறேன். ஆனால் இது தெரியவில்லை.

வந்ததும் அவனை மட்டும் கூப்பிட்டால் சீட்டைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று அவனுக்குத் தெரிந்துபோகும். அதனால் அந்த வகுப்பில் எல்லாரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு அதே கேள்வியைக் கேட்டேன். அவன் முறை வந்தபோது, “தூங்குவேன் டீச்சர்” என்றான். விடியுமுன் எழுந்து ஒரு வேலைக்குப் போய்விட்டு, அங்கிருந்து நேராகப் பள்ளிக்கு வந்துகொண்டிருந்திருக்கிறான். மூன்று வருடமாக ஆர்வமில்லாத பையன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தவன் தூக்கமில்லாத பையன். அதற்கப்புறம்தான் அவனோடு உண்மையான பேச்சே ஆரம்பித்தது. வினாத்தாளை நீட்டியிருந்தால் அதையும் அரைத் தூக்கத்தில் நிரப்பிக் கொடுத்திருப்பான்.

நீங்களும் ஒரு சீட்டோடு போங்கள். மற்றதெல்லாம் தன்னால் நடக்கும்.

*

ஒரே நேரத்தில் ஐந்தாறு அரங்கங்களில் அமர்வுகள் என்று நிகழ்ச்சிநிரலில் போட்டிருக்கிறார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது?

தலைப்பைப் பார்க்காதீர்கள், பேசப்போகிறவர் தன் பேச்சைப் பற்றி முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருக்கும் சுருக்கத்தைப் படியுங்கள். “நாங்கள் இதைச் செய்தோம், இத்தனை பிள்ளைகளோடு, இது சரிவரவில்லை” என்று எழுதியிருந்தால் அங்கே போங்கள். எதிர்காலம், புரட்சி, மாற்றம் என்று மட்டும் இருந்தால் விட்டுவிடலாம். ஒவ்வொரு நாளும் ஒரு அமர்வு நேரத்தைக் காலியாக வைத்துக்கொண்டு போஸ்டர் பகுதியில் சுற்றுங்கள். அங்கே நிற்பவர்கள் கேட்க ஆளில்லாமல் நிற்பார்கள், கேட்டால் எல்லாவற்றையும் சொல்வார்கள்.

இரண்டு பேராகப் போனால் வேறு வேறு அரங்கத்தில் உட்காருங்கள். இரவு அறைக்கு வந்ததும், படுப்பதற்கு முன்னால், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளுங்கள்.

*

பேச்சாளர்கள் ஹாலண்ட் என்கிறார்கள், சூப்பர் என்கிறார்கள், பார்சன்ஸ் என்கிறார்கள். எல்லாரும் தலையாட்டுகிறார்கள். எனக்கு ஒன்றும் புரிவதில்லை. முன்கூட்டியே எதையாவது படித்துவிட்டுப் போகவேண்டுமா?

படித்துவிட்டுப் போனால் நல்லது, ஆனால் அது இல்லாமல் போகக்கூடாது என்பதில்லை. உட்கார்ந்து கேட்பதற்குத் தேவையான அளவு நானே சொல்லிவிடுகிறேன்.

ஃபிராங்க் பார்சன்ஸ் இந்தத் துறைக்கு அஸ்திவாரம் போட்டவர். பொறியியல் படித்தார், பள்ளியில் பாடம் எடுத்தார், வழக்கறிஞராகவும் இருந்தார். 1908-இல் பாஸ்டன் நகரில், வேலை தேடி வந்த இளைஞர்களுக்காக ஒரு வழிகாட்டல் நிலையத்தைத் தொடங்கினார். அந்த வருடமே இறந்தும்போனார். அவர் எழுதிய நூல் மறு வருடம்தான் வெளிவந்தது. அவர் சொன்னது மூன்று படிகள்: உன்னைத் தெரிந்துகொள், வேலைகளைத் தெரிந்துகொள், இரண்டையும் வைத்து நிதானமாக யோசி. 1910-இல் அதே பாஸ்டனில் இந்தத் துறையின் முதல் தேசிய மாநாட்டை அமெரிக்காவில் நடத்தினார்கள். நீங்கள் போகப்போகிற மாநாட்டுக்கு அவ்வளவு நீளமான வேர் இருக்கிறது.

ஜான் ஹாலண்ட் இரண்டாம் உலகப்போரின்போது ராணுவத்தில், சேர வருகிறவர்களைப் பேட்டி கண்டு எந்த வேலைக்கு ஏற்றவர்கள் என்று பிரிக்கும் பணியில் இருந்தவர். மனிதர்களின் ஈடுபாட்டையும் வேலைச் சூழலையும் ஆறு வகையாகப் பார்க்கலாம் என்று 1959-இல் எழுதினார். கையால் செய்வது, ஆராய்வது, கலையாகப் படைப்பது, பிறருக்கு உதவுவது, முன்னின்று நடத்துவது, ஒழுங்காகப் பதிந்து வைப்பது என்று நம் மொழியில் சொல்லலாம். இன்று கிடைக்கும் ஆர்வ வினாத்தாள்களில் பல இந்த ஆறின்மேல் கட்டியவைதான்.

டொனால்ட் சூப்பர் கேட்டது வேறு. வேலை என்பது ஒரு நாள் எடுக்கிற முடிவா, வாழ்நாள் முழுக்க வளர்வதா? வளர்வதுதான் என்றார். ஒரே ஆள் ஒரே நேரத்தில் மகளாக, மாணவியாக, குடிமகளாக, வேலை செய்பவளாக இருப்பதை ஒரு வானவில்லாக வரைந்து காட்டினார். வானவில் என்று யாராவது மேடையில் சொன்னால் அது இவருடையது.

எனக்கு மிகவும் பிடித்தவர் ஜான் க்ரம்போல்ட்ஸ். எதிர்பாராமல் நடப்பவைதான் நம் வேலை வாழ்க்கையைப் பெரிதும் அமைக்கின்றன, அதனால் பிள்ளைகளுக்கு அந்தத் தற்செயலைக் கையில் பிடிக்கக் கற்றுக்கொடுக்கவேண்டும் என்றவர். அவர் கல்லூரியில் படிக்கும்போது எதை முதன்மைப் பாடமாக எடுப்பது என்று தெரியாமல் தன் டென்னிஸ் பயிற்சியாளரிடம் போய்க் கேட்டாராம். அந்தப் பயிற்சியாளர் உளவியல் பேராசிரியராகவும் இருந்தார். அப்படித்தான் அவர் உளவியலுக்கு வந்தார். 1999-இல் தன் இரண்டு சக ஆய்வாளர்களோடு சேர்ந்து இதற்குத் தேவையான ஐந்து திறன்களை எழுதினார்: அறியும் ஆவல், விடாமுயற்சி, வளைந்துகொடுத்தல், நம்பிக்கை, துணிந்து இறங்குதல். ‘இன்னும் முடிவு செய்யவில்லை’ என்று ஒரு பிள்ளை சொன்னால் நாம் ஏன் பதறவேண்டும் என்று அவர் கேட்டதைப் படித்தபிறகு, என் வகுப்பில் ‘நீ என்ன ஆகப்போகிறாய்’ என்று கேட்பதை நிறுத்திவிட்டேன்.

*

நான் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். இந்த மாநாட்டுக்குப் போக ஆசை. ‘சின்னப் பிள்ளைகளுக்கு எதற்கு வேலை பற்றிய பேச்சு’ என்று ஸ்டாஃப் ரூமில் சொல்கிறார்கள். நான் போகலாமா?

உங்கள் கடிதம்தான் எனக்கு மிகவும் சந்தோஷம் தந்தது. நீங்கள்தான் முதலில் போகவேண்டியவர்.

லிண்டா காட்ஃபிரெட்சன் என்ற ஆய்வாளர் 1981-இல் ஒரு கருத்தை முன்வைத்தார். பிள்ளைகள் வேலைகளைத் தேர்ந்தெடுப்பதற்கு வெகுகாலம் முன்பே, ஒவ்வொன்றாக ‘இது வேண்டாம்’ என்று மனதுக்குள் அடித்துவிட்டுக்கொண்டே வருகிறார்கள் என்றார். ஆறிலிருந்து எட்டு வயதுக்குள், ‘இது ஆம்பிளைங்க வேலை, இது பொம்பளைங்க வேலை’ என்று ஒரு பட்டியல் அடிபடுகிறது. ஒன்பதிலிருந்து பதின்மூன்றுக்குள், ‘இது நம்மளால முடியாது, இது நமக்குக் கௌரவமில்லை’ என்று இன்னொன்று அடிபடுகிறது. தனக்கு என்ன பிடிக்கும் என்று ஒரு பிள்ளை யோசிக்க ஆரம்பிப்பது பதினான்கு வயதுக்குமேல். அதற்குள் பாதிப் பலகை அழிந்துபோயிருக்கும். ஒன்பதாம் வகுப்பில் நான் சீட்டு கொடுக்கும்போது, மிச்சமிருக்கும் பலகையைத்தான் பார்க்கிறேன். அழிகிறதை நேரில் பார்ப்பவர் நீங்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். பல நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளை வைத்து நடத்தும் பீசா (PISA) என்ற ஆய்வில், 2018-இல், பதினைந்து வயதுப் பிள்ளைகளிடம், முப்பது வயதில் என்ன வேலை செய்துகொண்டிருப்பீர்கள் என்று கேட்டார்கள். 41 நாடுகளின் பதில்களைச் சேர்த்துப் பார்த்தால், ஆண்பிள்ளைகளில் 47 சதவீதமும் பெண்பிள்ளைகளில் 53 சதவீதமும் பத்தே பத்து வேலைகளுக்குள் நின்றுவிட்டார்கள். உலகத்தில் எத்தனை ஆயிரம் வேலைகள்! அந்த எண்களைத் திரையில் பார்த்தபோது அரங்கத்தில் சத்தமே இல்லை.

ஸ்டாஃப் ரூமில் கேட்பவர்களிடம், எட்டு வயதுப் பிள்ளைகளை வேலைக்குத் தயார் செய்யப்போவதில்லை என்று சொல்லுங்கள். கதவுகளை மூடாமல் பார்த்துக்கொள்ளப்போகிறீர்கள். பள்ளிக்கூட வாகனத்தை ஓட்டும் ஒரு பெண்ணையோ, மருத்துவமனையில் நர்ஸாக இருக்கும் ஒரு ஆணையோ அரைமணி நேரம் வகுப்புக்கு அழைத்து வந்தால் போதும். பிள்ளைகளே கேள்வி கேட்பார்கள்.

*

மாநாட்டு அரங்கத்துக்கு வெளியே ஸ்டால் போட்டு, இருபது நிமிடத் தேர்வில் பிள்ளைக்கு ஏற்ற வேலையைச் சொல்லிவிடுவோம் என்கிறார்கள். எங்கள் பள்ளிக்கு வாங்கலாமா?

வாங்குவதற்கு முன்னால் நான்கு கேள்விகள் கேளுங்கள். எந்த வயதுப் பிள்ளைகளை, எந்த மொழியில் படிப்பவர்களை வைத்து இந்தத் தேர்வைச் சோதித்தீர்கள்? அதே பிள்ளை ஒரு மாதம் கழித்து எழுதினால் அதே விடை வருமா, அதற்கு ஆதாரம் காட்டமுடியுமா? பிள்ளைகளின் பதில்களை எங்கே, எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள், யாருக்குக் கொடுப்பீர்கள்? முடிவுத்தாள் வந்தபிறகு பிள்ளையோடு உட்கார்ந்து பேச யார் வருவார்கள்? நான்காவது கேள்விக்குப் பெரும்பாலும், “அது பள்ளியின் பொறுப்பு” என்றுதான் பதில் வரும்.

ஒரு பள்ளியில் நடந்தது. முடிவுத்தாள்களை வகுப்பில் வைத்து எல்லாருக்கும் முன்னால் கொடுத்தார்கள். ஒரு பெண்ணின் தாளில், கையால் செய்யும் வேலைகள் பொருந்தும் என்று வந்தது. பக்கத்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். அந்தப் பெண் தாளை எட்டாக மடித்து, இன்னும் மடிக்கமுடியாத அளவுக்கு மடித்து, பென்சில் டப்பாவுக்குள் வைத்து மூடினாள். நான் கடைசி பெஞ்சுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கணத்தில் எதுவும் சொல்லாமல் நின்றுவிட்டேன், அது இன்றும் என்னைக் குத்துகிறது. தேர்வில் தவறில்லை. கையால் செய்யும் வேலை அழகானது, அவளுக்குப் பொருந்தியிருக்கவும் கூடும். கொடுத்த விதம்தான் அவளைக் காயப்படுத்தியது.

*

எங்கள் பள்ளியில் வருடத்துக்கு ஒரு நாள் பெற்றோர்களை அழைத்து அவரவர் வேலை பற்றிப் பேசவைக்கிறோம். இதை மாநாட்டில் கட்டுரையாக வாசிக்கலாம் என்று தோழி சொல்கிறாள். இதெல்லாம் ஒரு கட்டுரையா?

தாராளமாக. முதல் தடவை என்பதால் போஸ்டராகக் கொடுங்கள், மேடைப் பயம் இருக்காது. கேட்பவர்களோடு உட்கார்ந்து பேசிய மாதிரியும் இருக்கும். சுருக்கம் எழுதும்போது நான்கு விஷயம் வரட்டும்: ஏன் ஆரம்பித்தீர்கள், என்ன செய்தீர்கள், பிள்ளைகளிடம் என்ன மாறியது, அது உங்களுக்கு எப்படித் தெரியும். நான்காவதுதான் கஷ்டம். ‘பிள்ளைகள் மகிழ்ச்சியாக இருந்தார்கள்’ என்பது போதாது. அந்த நாளுக்கு முன்னாலும் பின்னாலும், உங்களுக்குத் தெரிந்த வேலைகளை ஐந்து நிமிடத்தில் எழுதுங்கள் என்று சொல்லிப் பாருங்கள். பட்டியலின் நீளம் மாறியிருந்தால் அதுவே ஒரு சான்று.

வருடத்துக்கு ஒரு நாள் போதுமா என்று அங்கே யாராவது கேட்பார்கள். தயாராக இருங்கள். இங்கிலாந்தில் 2014-இல் ஜான் ஹோல்மன் என்ற கல்வியாளர் தலைமையில், நல்ல வழிகாட்டலுக்கு எட்டு அளவுகோல்கள் வகுத்தார்கள். கேட்ஸ்பி அளவுகோல்கள் என்று சொல்வார்கள். வேலை செய்பவர்களைச் சந்திப்பது அதில் ஒன்று மட்டும்தான். பணியிடத்துக்கே போய்ப் பார்ப்பது, மேற்படிப்பு இடங்களைப் பார்ப்பது, பாடத்தையும் வேலையையும் இணைப்பது, ஒவ்வொரு பிள்ளையோடும் தனியாகப் பேசுவது என்று மற்றவையும் இருக்கின்றன. உங்கள் பள்ளி இந்த எட்டில் எங்கே நிற்கிறது என்று உங்கள் போஸ்டரிலேயே சொல்லிவிடுங்கள். இல்லாததை இல்லை என்று எழுதுகிறவரிடம்தான் மற்றவர்கள் நின்று பேசுவார்கள்.

ஒரே ஒரு கண்டிப்பு. பிள்ளைகளின் முகம், பெயர், கையெழுத்து எதுவும் போஸ்டரில் வேண்டாம். மேலே நான் சொன்ன சீட்டைக்கூட அந்தப் பையன் பெரியவனாகி, “எழுதுங்க டீச்சர்” என்று சொன்னபிறகுதான் எழுதுகிறேன்.

*

நான் தலைமை ஆசிரியர். இரண்டு தடவை ஆசிரியர்களை இப்படிப்பட்ட மாநாடுகளுக்கு அனுப்பினேன். பையும் சர்டிஃபிகேட்டும் கொண்டுவந்தார்கள். பள்ளியில் ஒன்றும் மாறவில்லை. இனியும் அனுப்பவேண்டுமா?

அனுப்புங்கள், ஐயா. கூடவே ஒன்று கேட்கிறேன், தவறாக நினைக்கவேண்டாம். திரும்பி வந்ததும் அவர்களுக்கு என்ன கொடுத்தீர்கள்?

மாநாட்டிலிருந்து வருகிற ஆசிரியையின் மேசையில் இரண்டு நாள் திருத்தாத நோட்டுகள் குவிந்திருக்கும். விட்டுப்போன பீரியடை ஈடு செய்யவேண்டும். கொண்டுவந்த யோசனை அந்த நோட்டுகளுக்கு அடியில் போய்விடும். வாரத்துக்கு ஒரு பீரியடை அவருக்கென்று ஒதுக்கி, ஒரு வகுப்பில் மட்டும் செய்து பார்க்கச் சொல்லுங்கள். அறிக்கை கேட்காதீர்கள். ஆசிரியர் கூட்டத்தில் அரைமணி நேரம் கொடுத்து, அங்கே கேட்டதில் நம் பிள்ளைகளுக்கு எது பொருந்தாது என்று கேளுங்கள். பொருந்தாததைச் சொல்லும்போதுதான் பொருந்துவதும் தெளிவாக வெளியே வரும். என் பழைய தலைமை ஆசிரியை எனக்கு அப்படிச் செய்தார். வாரம் ஒரு பீரியட், ஒரு காலி அறை, இரண்டு நாற்காலி. பத்தொன்பது வருட வேலை அந்த இரண்டு நாற்காலியில்தான் நடந்தது.

முடிந்தால் ஒரு தடவை நீங்களே கூடப் போய் வாருங்கள்.

*

நான் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். எங்கள் மிஸ் எங்களைப் பற்றிப் பேசுகிற மாநாட்டுக்குப் போயிருக்கிறார்கள். எங்களைப் பற்றிப் பேசும் இடத்தில் எங்களில் ஒருத்தர்கூட இல்லையே ஏன், ஆன்ட்டி?

இருக்கவேண்டும், கண்ணம்மா. நீ கேட்பது சரி. பல மாநாடுகளில் மாணவர்களைக் கூப்பிடுவதே இல்லை, கூப்பிட்டாலும் வரவேற்புப் பாட்டுக்குத்தான் கூப்பிடுவார்கள். ஒரே ஒரு மாநாட்டில் மூன்று மாணவர்களை மேடையில் நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பார்த்தேன். “உங்கள் ஆசிரியர்கள் எந்த மாதிரி உதவினால் பிடிக்கும்?” என்று கேட்டார்கள். உன் வயதுப் பெண் ஒருத்தி மைக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டு சொன்னாள்: “நான் ஒரு வேலையின் பேரைச் சொன்னதும், அதுக்கு எவ்வளவு மார்க் வேணும்னு சொல்லாதீங்க. ஏன் அது பிடிச்சிருக்குன்னு முதல்ல கேளுங்க.” முன்வரிசையில் இருந்தவர்கள் பேனாவை எடுத்து எழுதினார்கள், நானும் எழுதினேன். என் நோட்டில் அந்த நாளுக்கு அந்த ஒரு வரிதான் இருக்கிறது.

உங்கள் மிஸ்ஸிடம் போய்க் கேள்: அடுத்த தடவை எங்களில் யாரையாவது கூட்டிக்கொண்டு போகமுடியுமா என்று. முடியாது என்றால், உன் கேள்வியை ஒரு சீட்டில் எழுதி அவர்களிடம் கொடு, எடுத்துக்கொண்டு போகட்டும். சீட்டில் பெயர் வேண்டாம். வகுப்பை மட்டும் எழுது.